வேலூரில் ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதப் போகும் புது நிருபருக்கு

பிப்ரவரி வந்தால் வேலூர்ப் பக்கம் இருக்கும் இளம் நிருபர்களுக்கும், இதழியல் படிக்கும் மாணவர்களுக்கும், சொந்தமாக யூடியூப் சேனல் நடத்துபவர்களுக்கும் ஒரே மாதிரி வேலை வந்து சேரும். பிப்ரவரி 11 அறிவியலில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான சர்வதேச நாள். 28 தேசிய அறிவியல் நாள். அடுத்த வாரமே மார்ச் 8. "யாராவது ஒரு பெண் விஞ்ஞானி பேட்டி இருந்தா அனுப்புப்பா" என்று டெஸ்க்கில் இருந்து போன் வரும். ஊரும் அதற்கேற்ற ஊர்தான். டவுனுக்குள் சிஎம்சி, காட்பாடியில் விஐடி, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், திருப்பத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு நானும் அப்படி ஒரு போன் வந்துதான் போனேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வாளரைச் சந்தித்தேன். தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு மணி நேரம் பேசினார். வெள்ளைத் தாளில் பாலாற்றை ஒரு கோடாக இழுத்து, கிணறுகளைப் புள்ளிகளாக வைத்து, உப்பு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். அடுத்த வாரம் செய்தி வந்தது. தலைப்பில் அவர் இரண்டு குழந்தைகளின் தாய். முதல் பத்தியில் விடியற்காலையில் எழுந்து சமைத்துவிட்டு ஆய்வகம் போகிறார். கிணறுகளுக்கு மொத்தம் நாலு வரி. அன்று மதியமே போன் செய்தார். கோபப்படவில்லை. "தம்பி, அந்தத் தண்ணிய குடிக்கிறவங்க இதப் படிச்சா அவங்களுக்கு என்ன தெரிய வரும்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தலைப்பு டெஸ்க்கில் வைத்தது. ஆனால் முதல் பத்தி என்னுடையது. அவருக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன். அவருக்கும் நஷ்டம், படித்தவர்களுக்கும் நஷ்டம். இந்த வழிகாட்டியில் இருப்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவை.

முதல் வேலை: போவதற்கு முன் படியுங்கள்

அவர் பெயரை கூகுள் ஸ்காலரில் போட்டுத் தேடுங்கள். கட்டுரைகளின் பட்டியல் வரும். முழுக் கட்டுரையும் புரிய வேண்டியதில்லை. மேலே இருக்கும் சுருக்கத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். அதில் எத்தனை பேரை அல்லது எத்தனை மாதிரிகளைச் சோதித்தார்கள், எவ்வளவு காலம், என்ன கிடைத்தது என்று மூன்று விஷயமும் இருக்கும். ஆசிரியர் வரிசையையும் பாருங்கள். உயிரியல், மருத்துவத் துறைகளில் பெரும்பாலும் முதல் பெயர் அந்த வேலையை முன்னின்று செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சிஎம்சியில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஆராய்ந்த ககன்தீப் காங் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் அமைப்புக்கு ஃபெலோவாகத் தேர்வானபோது, அப்படித் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி என்பதே எல்லா ஊடகத்திலும் தலைப்பு. செய்தி உண்மைதான், பெருமைதான். 1660இல் தொடங்கிய அமைப்பு பெண்களைச் சேர்க்கவே 1945 ஆயிற்று. ஆனால் அவர் எதற்காகத் தேர்வானார் என்று அன்று செய்தி படித்தவர்களில் எத்தனை பேரால் சொல்லியிருக்க முடியும்?

அந்த வேலையில் ஒரு பகுதி நம் ஊரிலேயே நடந்தது. வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்தே ஆய்வில் சேர்த்தார்கள். 373 குழந்தைகளை மூன்று வயதுவரை விடாமல் தொடர்ந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மல மாதிரி எடுத்தார்கள், வயிற்றுப்போக்கு வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் ரோட்டா வைரஸ் எத்தனை முறை தொற்றினால் குழந்தையின் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும் என்பதுதான் கேள்வி. முன்பு மெக்சிகோவில் நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைகளுக்கு அதற்குப் பிறகு கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரில் மூன்று முறை தொற்று வந்த பிறகும், நடுத்தரமான அல்லது கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். வெளிநாட்டில் தடுப்பு மருந்து வேலை செய்த அளவுக்கு இங்கே செய்யுமா என்ற கேள்வி இதிலிருந்துதான் வலுத்தது. 2011இல் வெளியான அந்தக் கட்டுரையில் முதல் பெயர் பெரில் பிரிம்ரோஸ் கிளாட்ஸ்டன், கடைசிப் பெயர் ககன்தீப் காங். 2016இலிருந்து நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து படிப்படியாகச் சேர்ந்தது. உங்கள் அக்கா குழந்தையின் தடுப்பூசி அட்டையில் அது இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

வேலூர் கஸ்பாவில் குடியிருக்கும் ஒரு வாசகிக்கு இதில் எது வேண்டும்? ராயல் சொசைட்டியும் வேண்டும்தான். ஆனால் 452 குழந்தைகள் முதலில் வேண்டும். படிக்காமல் போனால் இந்தக் கேள்வியே நமக்குத் தோன்றாது. குடும்பம், சமையல், சேலை என்று கையில் கிடைத்ததைக் கேட்டுவிட்டு வந்துவிடுவோம். அந்தக் கேள்விகள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை, தயாராகாமல் போவதால்தான் வருகின்றன.

இரண்டாவது: நேரம் கேட்பது, பெயர் கேட்பது

இது சின்ன விஷயம். நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் முன்அனுமதி வாங்குங்கள், மருத்துவமனை என்றால் கட்டாயம். சோதனை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். தன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவார் என்று அவரிடமே கேளுங்கள். மருத்துவரா, முனைவரா, பேராசிரியரா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் யாராக இருந்தாலும் "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிடுவார்கள். செவிலியர் வேலை யாருக்கும் குறைந்ததில்லை. 1909இலேயே இங்கே செவிலியர் பள்ளி தொடங்கியாயிற்று. ஆனால் இருபது வருடம் வைரஸ்களோடு வேலை பார்த்த ஒருவரைச் செய்தியாளரே அப்படி அழைத்தால் பேட்டி அங்கேயே பாதி முடிந்துவிடும்.

மூன்றாவது: கேள்விகள்

உங்கள் கேள்வித் தாளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சோதனை வையுங்கள். பக்கத்து அறையில் இதே வேலை பார்க்கும் ஆண் ஆய்வாளரிடம் இதைக் கேட்பேனா? மாட்டேன் என்றால் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தைக் காலியாக விடாமல் வேறு கேள்வியால் நிரப்புங்கள், அதுதான் முக்கியம்.

காவலூருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வைத்த தொலைநோக்கி அங்கே இருக்கிறது. "ராத்திரியில் மலைமேல் தனியா இருக்க பயமா இல்லையா மேடம்?" என்பதுதான் முதலில் வாயில் வரும். அதை விட்டுவிட்டு, "ஒரு ராத்திரியில் எத்தனை மணி நேரம் வானம் உங்களுக்குத் தெளிவாகக் கிடைக்கும்? மேகம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மழை மாதங்கள், கீழே டவுன்களின் வெளிச்சம், காத்திருந்து வீணான இரவுகள் என்று அவரே பேச ஆரம்பிப்பார். பயமும் இருந்தால் அந்தப் பேச்சுக்குள் தானாக வரும்.

யாரிடமும் கேட்கலாம் என்று நான் வைத்திருக்கும் சில கேள்விகள்: இந்த வேலையில் நீங்கள் தப்பாக நினைத்திருந்தது எது, அது எப்படித் தெரிந்தது? யாராவது உங்கள் முடிவை மறுத்திருக்கிறார்களா? நேற்று ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள்? கையில் இன்னும் ஒரு கோடி ரூபாய் கிடைத்தால் முதலில் எதை வாங்குவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் பெரும்பாலும் நல்ல செய்தி ஒன்று ஒளிந்திருக்கும். கருவி இல்லாமல் மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்கும் கதை அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

ஜோசலின் பெல் பர்னல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, 1967இல் பல்சார் விண்மீன்களின் துடிப்பை முதலில் கவனித்தவர். நிருபர்கள் அவருடைய வழிகாட்டியிடம் வானியல் கேட்டார்கள். ஜோசலினிடம் எத்தனை காதலர்கள், உடல் அளவு என்ன என்று கேட்டார்கள். அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் வந்தபோது வழிகாட்டிக்குக் கொடுத்தார்கள், ஜோசலின் பெயர் பட்டியலில் இல்லை. கேள்வி கேட்ட விதமும் பரிசு போன விதமும் வேறு வேறு என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நான்காவது: படம்

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் புகைப்படக்காரர் என்ன செய்வார் தெரியுமா? குடுவையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒரு சிட்டிகை போட்டு ஊதாவாக்கி, "மேடம், இதைக் கையில் பிடிச்சு லைட்டா சிரிங்க" என்பார். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். முடியைச் சரிசெய்யச் சொல்வார். நான் பார்த்த ஓர் ஆய்வாளர் அன்று முழுக்க மண் மாதிரிகளைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தார். விரல் நகத்திலெல்லாம் செம்மண். அந்தக் கையைப் படமெடுத்திருக்கலாம். கையைக் கழுவச் சொல்லிவிட்டு ஊதாத் தண்ணீரைக் கொடுத்தோம்.

வழக்கமாக அவர் எங்கே நின்று என்ன செய்வாரோ அதை எடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடும் வேலை என்றால் கண்ணாடியோடு. மருத்துவமனையில் நோயாளி முகமோ கோப்போ பின்னால் தெரியக் கூடாது.

படத்தின் கீழே போடும் வரியும் அதே அளவு முக்கியம். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்ததும், பட்டுச் சேலையும் பூவுமாகப் பெண்கள் சிரித்து மகிழும் படம் உலகம் முழுவதும் பரவியது. விஞ்ஞானிகள் என்றே எல்லோரும் போட்டார்கள். அவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோ பிறகு விளக்கியது. அந்தத் திட்டத்தில் பெண் விஞ்ஞானிகளும் பலர் வேலை பார்த்தார்கள். அவர்களை யாரும் தேடிப் போகவில்லை, கண்ணில் பட்ட படம் போதும் என்று இருந்துவிட்டோம். அதனால் படத்தில் இருப்பவர் யார், என்ன வேலை என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதுங்கள்.

விஞ்ஞானியை வரையச் சொல்லிக் குழந்தைகளிடம் நடத்திய பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1983இல் வெளியானது. 4,807 குழந்தைகள் வரைந்ததில் 28 படங்களில்தான் பெண் இருந்தார், அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். பிறகு வந்த ஆய்வுகளில் நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. நாம் போடும் படத்தைப் பார்த்துத்தான் வரைகிறார்கள்.

ஐந்தாவது: எழுத உட்காரும்போது

இவோன் பிரில் என்ற ராக்கெட் விஞ்ஞானி 2013இல் இறந்தார். செயற்கைக்கோள்கள் தங்கள் பாதையில் இருந்து விலகாமல் இருக்க உதவும் உந்துமுறையைக் கண்டுபிடித்தவர். நியூயார்க் டைம்ஸ் இரங்கல் செய்தியை அவருடைய சமையல் ருசியில் தொடங்கியது. கணவருக்கு வேலை மாறிய ஊர்களுக்கெல்லாம் கூடவே போனார், பிள்ளைகளுக்காக எட்டு வருடம் வேலையை விட்டார் என்று தொடர்ந்தது. ராக்கெட் அடுத்த பத்தியில்தான் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் முதல் வரியை மாற்றினார்கள்.

அதே வருடம் கிறிஸ்டி ஆஷ்வாண்டன் என்ற அமெரிக்கச் செய்தியாளர் ஒரு சோதனையை எழுதி வைத்தார். சக எழுத்தாளர் ஆன் ஃபின்க்பைனரின் பெயரால் அதை ஃபின்க்பைனர் சோதனை என்கிறார்கள். விஞ்ஞானியைப் பற்றிய கட்டுரையில் அவர் பெண் என்பது, கணவரின் வேலை, குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது, தன்னிடம் வேலை செய்பவர்களை எப்படித் தாயாகப் பார்த்துக்கொள்கிறார் என்பது, துறையின் போட்டி அவரை எப்படி அசர வைத்தது என்பது, மற்றப் பெண்களுக்கு எவ்வளவு முன்மாதிரி என்பது, முதல் பெண் என்பது இவை எதுவும் வரக் கூடாது. நான் இதைப் பாதி அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். எழுதி முடித்ததும் இந்த ஏழு விஷயங்களையும் தேடிப் பாருங்கள், எத்தனை இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் நம் ஊரில் முழுக்க அப்படியே பின்பற்றினால் சில உண்மைகளும் சேர்ந்து மறைந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. "கண்டுபிடித்தார்" என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று தெரியாது, மரியாதையும் கிடைக்கும். விஞ்ஞானி, ஆய்வாளர், பேராசிரியர் எல்லாமே இருவருக்கும் பொதுச்சொல். அப்படியிருக்க "பெண் விஞ்ஞானி" என்று வரிக்கு வரி நாமே வலிந்து சேர்க்கிறோம். "ஆண் விஞ்ஞானி" என்று எழுதியதே இல்லை. பெயரே சொல்லிவிடும், விட்டுவிடுங்கள். "பேராசிரியை" வேண்டாம், பேராசிரியர் போதும். முப்பத்தைந்து வயதில் சொந்தமாக ஆய்வு நடத்துபவரை "மாணவி" என்று எழுதாதீர்கள். "சிங்கப்பெண்", "சாதனைப் பெண்மணி", "ராக்கெட் பெண்" இதெல்லாம் டெஸ்க்குக்கு எளிதாகக் கிடைக்கும் தலைப்புகள். நீங்களே மூன்று தலைப்பு எழுதி அனுப்பினால் அவர்கள் வேறு தேட மாட்டார்கள். நான் அன்று ஒன்றுகூட அனுப்பவில்லை.

வேலூருக்கே உரிய ஒரு வலையும் உண்டு. தியாகம், சேவை, தேவதை. சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைப் பற்றி எழுதும்போது, ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததையும் அவர் மனம் மாறியதையும் எல்லோரும் எழுதுவார்கள். உருக்கமான கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியவர், 1902இல் 40 படுக்கை மருத்துவமனை கட்டி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார் என்றால், பணம் திரட்டவும், அரசிடம் பேசி வாங்கவும், பாடத்திட்டம் போடவும் தெரிந்த நிர்வாகி அவர். அந்தப் பாதியை யாரும் எழுதுவதில்லை. சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அந்தப் படிப்பின் பலன். சோகத்தை மட்டும் எழுதினால் அந்தப் படிப்பு காணாமல் போகிறது.

ஆறாவது: கஷ்டங்களை எப்படி எழுதுவது

ஃபின்க்பைனர் சோதனையோடு நான் வேறுபடுவது இங்கேதான். பெண் என்பதால் ஒருவருக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தால் அது செய்தி. எழுதத்தான் வேண்டும். ஆனால் கதவை அடைத்தவரை வைத்து எழுதுங்கள். குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்பதைவிட, வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா, இரவு எட்டு மணிக்குமேல் பஸ் உண்டா, பெண்கள் விடுதியின் கேட் எத்தனை மணிக்கு மூடுகிறது, அந்த நேரத்துக்கு முடியாத சோதனைகளை யார் செய்கிறார்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் பதில் வரவில்லை என்றும் எழுதுங்கள்.

அன்னா மணி சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளியை ஆராய்ந்து, தனி ஆளாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. பிறகு இந்திய வானிலைத் துறையில் கருவிகளை இங்கேயே செய்ய வழி செய்து, துணைத் தலைமை இயக்குநர்வரை உயர்ந்தார். பட்டம் தராததை எழுதும்போது "விடாமுயற்சி" என்று மட்டும் எழுதினால் மறுத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் பேட்டி எடுப்பவரே குழந்தையைப் பற்றி, மாமியார் கொடுத்த உதவியைப் பற்றிப் பேசினால்? தாராளமாகப் போடுங்கள். அவர் சொன்ன அளவுக்கு, அவர் சொன்ன வார்த்தையில். முதல் பத்தியில் மட்டும் வேண்டாம்.

அப்புறம்: அனுப்புவதற்கு முன், வந்த பின்

எண்கள், கலைச்சொற்கள், அவர் பேச்சாக மேற்கோள் குறிக்குள் போட்டவை இவற்றை மட்டும் அவரிடம் படித்துக் காட்டுங்கள். முழுக் கட்டுரையையும் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டாம், அது யாராக இருந்தாலும். கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். மாதிரி எடுக்க வெயிலில் தெருத்தெருவாகப் போன களப்பணியாளரின் பெயர் செய்தியில் வந்தால் அவர் வீட்டில் அதை வெட்டி வைப்பார்கள். வீடியோ போடுபவர்கள் முதல் இரண்டு நாள் கருத்துப் பகுதியைக் கண்காணியுங்கள். அவர் தோற்றத்தைப் பற்றி வருவதை அழித்துவிடுங்கள், அவரை அங்கே கொண்டு வந்தது நாம்தான்.

கடைசியாக, ஒரு நோட்டு போடுங்கள். பிப்ரவரியில் மட்டும் இவர்களைத் தேடுவதால்தான் "பெண் விஞ்ஞானி" என்ற தனிப் பக்கம் உருவாகிறது. காய்ச்சல் பரவும்போது, கிணறு வற்றும்போது, கிரகணம் வரும்போது கருத்துக் கேட்க நமக்கு ஆள் தேவைப்படும். அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். என் நோட்டு ஆள் பெயர் வரிசையில் இல்லை, விஷய வரிசையில் இருக்கிறது: காய்ச்சல், மண், வானம், தண்ணீர்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் "தண்ணீர்" பக்கத்தைத் திறந்து, பழைய அந்த எண்ணைக் கூப்பிட்டேன். இவ்வளவு தண்ணீர் போனால் கிணற்று உப்பு குறையுமா மேடம் என்று கேட்டேன். "எந்தக் கிணறு தம்பி? ஆத்துக்குப் பக்கமா, தள்ளியா?" என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினார். இந்த முறை கிணறுகளுக்கு முக்கால் பக்கம் கிடைத்தது.